ஒன்பதாம் எண் தவளையும் முன்னால் நின்ற பூஜ்ஜியமும்

ஒரு காட்டில் மூன்று வருடமாக மழை இல்லை, ஆனால் சிக்னல் இருந்தது. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மழை வேண்டும் என்று மிருகங்கள் மனுக் கொடுத்தபோது மகாராஜா சிங்கம் தம்மால் முடிந்ததைச் செய்தார். அவரால் முடிந்தது ஒரு டவர்.

குளம் வற்றியது, ஓடை வற்றியது, கடைசியில் பாறையடியில் ஒரே ஒரு சுனை மிஞ்சியது. அதன் வாயில் ஒரு மூங்கில் குழாய் செருகியிருந்தார்கள். ஒரு நாளைக்கு நூறு பேர் குடிக்கிற அளவுக்குத்தான் அதில் தண்ணீர் ஊறும். அதுவரைக்கும் அந்தக் காட்டில் தண்ணீர் குடிக்க ஒரு வழக்கம் இருந்தது. பலமுள்ளவர் முதலில் குடிப்பார். மற்றவர்கள் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு போகும்வரை புதருக்குள் இருப்பார்கள். அநியாயமான வழக்கம்தான். ஆனால் அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை.

இந்த நேரத்தில் மகாராஜா பக்கத்துக் காட்டில் நடந்த மாநாட்டுக்குப் போய்வந்தார். அங்கே எதற்கெடுத்தாலும் ஆப். மானை வேட்டையாட ஒரு ஆப், மான் தப்பித்து ஓட இன்னொரு ஆப். திரும்பி வந்த கையோடு அறிவித்துவிட்டார்: இனிமேல் தண்ணீர் வரிசைப்படி, வரிசை ஆப்படி. எலியும் எருமையும் தம் ஆட்சியில் ஒன்று என்றார். கேட்ட எல்லோருக்கும் சந்தோஷம். எலிகள் அன்றைக்குச் சாயந்திரம் ஊர்வலமே போயின.

நியாயமாகப் பார்த்தால் இந்த வேலைக்கு மரங்கொத்தி பொன்முதுகனைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் காட்டில் கோடு, அதாவது ஆப்பை இயக்கும் கட்டளை, எழுதத் தெரிந்த ஒரே ஜீவன் அது. எழுத்தெழுத்தாகக் கொத்தும். ஒரு வேலைக்கு ஒரு மாதம் ஆகும், ஆனால் கொத்தியது நிற்கும். அதனிடம் இருந்த ஒரே குறை, வேலையை ஆரம்பிக்கும் முன் நாற்பது கேள்வி கேட்கும். ராஜாக்களுக்குக் கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் பசி எடுத்துவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

ஆகவே நரி சாதுரியனுக்கு அழைப்பு போனது. சாதுரியன் மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழும் ஒரு துணிப்பையும் வாங்கி வந்திருந்தது. கோடே எழுத வேண்டாம், பெட்டியை இழுத்துப் போடு, பொத்தானை இழுத்துப் போடு, ஆப் ரெடி என்பது அந்தப் பயிற்சியின் சாரம். மத்தியானம் உட்கார்ந்தது, சாயந்திரத்துக்குள் 'நீர்வரிசை' என்ற ஆப் பாறையில் ஒளிர்ந்தது. ஒரு பெரிய திரை, அதன் கீழே டோக்கன் எண்ணை எழுத ஒரு பெட்டி, பக்கத்தில் 'சேமி', 'திருத்து', 'தேடு' என்று மூன்று பொத்தான்கள். பச்சை நிறத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

முதலில் அந்தப் பெட்டியை நரி சரியாகத்தான் வைத்திருந்தது. அதில் எண் மட்டுமே எழுத முடியும். அதன் பின்னால் விவரங்களைச் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸிலும் அந்தக் கட்டத்துக்கு 'நம்பர்' என்றே வகை கொடுத்திருந்தது. விஷயம் கெட்டது எங்கே என்றால், திறப்பு விழாவுக்குப் புலியாரை அழைத்ததில். அவர் வந்தார். டோக்கன் இலையை நீட்டினார்கள், வாங்கவில்லை. எனக்கு எதற்கு எண் என்று கேட்டுவிட்டு, டோக்கன் எண் கேட்ட இடத்தில் 'மேலிடம்' என்று எழுதினார்.

பெட்டி சிவப்பாக எரிந்தது. 'தவறான உள்ளீடு' என்றது.

புலியார் நரியைப் பார்த்தார். அவ்வளவுதான். நரி அந்த நிமிஷமே உள்ளே போய் நம்பர் என்று இருந்த வகையை டெக்ஸ்ட், அதாவது எழுத்து, என்று மாற்றிவிட்டு வந்தது. டெக்ஸ்ட் யார் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும், எவர் மனதையும் நோகடிக்காது. 'மேலிடம்' பச்சையாகச் சேமிக்கப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். புலியார் போய் நேராகச் சுனையில் வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் அந்த ஆப் பக்கம் வரவே இல்லை.

இனி மரகதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரகதம் ஒரு தவளை. எப்போதோ ஒரு நாள் வழிதவறி வந்த தூறலை நம்பி, ஒரு யானையின் காலடிக் குழியில் முட்டையிட்டுவிட்டது. அந்தக் குழியில் இப்போது நாற்பத்திரண்டு தலைப்பிரட்டைகள். தண்ணீர் நான்கு விரல் ஆழம். வெயில் தினமும் ஒரு விரல் குடித்துக்கொண்டிருந்தது. நான்கு நாளைக்குள் குழாயை அந்தப் பக்கம் திருப்பாவிட்டால் நாற்பத்திரண்டும் கருவாடு. சுனையிலிருந்து குழி வரைக்கும் மரகதம் தன் கையாலேயே ஒரு சின்ன வாய்க்கால் பறித்து வைத்திருந்தது.

டோக்கன் இலை கொடுத்த அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் போக வேண்டும் என்று முந்தின நாளே தாவத் தொடங்கியது. இடுப்பு ஒடிந்துவிட்டது பாவம். அதன் முன்னால் எட்டாவதாக ஆமை மேகலை நின்றது. மேகலை போன வாரமே கிளம்பிவிட்டிருந்தது. இரண்டும் பேசிக்கொண்டே நின்றன. மரகதத்துக்குக் கிடைத்தது ஒன்பதாம் எண். மொத்தம் எண்ணூற்று நாற்பத்தாறு பேர் இலை வாங்கினார்கள். ஒன்பது என்றால் முதல் நாள், அதுவும் காலையிலேயே. மரகதம் அந்த இலையைக் குழிக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டியது. அவரவர் எண்ணை அவரவரே பெட்டியில் எழுத வேண்டும் என்பது விதி. மரகதம் 9 என்று அழகாக எழுதிச் சேமித்தது.

முதல் நாள் காலை கொக்கு ஒற்றைக்காலன் குழாயடியில் நின்றது. திரையில் வரும் எண்ணையும் இலையில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஐம்பது எண்ணும்வரை குழாயைத் திறந்துவிடுவது அதன் வேலை. திரை ஒன்று என்றது. உடும்பு போய்க் குடித்தது. அடுத்து இரண்டு என்று எல்லோரும் காட்டெருமையைப் பார்த்தார்கள். திரை பத்து என்றது. மரகதத்துக்குப் பின்னால் நின்றிருந்த முயல், தப்பு செய்தவன் போல எல்லோரையும் தாண்டிப் போய்க் குடித்தது. அடுத்தது நூறு. டோக்கன் கொடுத்த அன்று உச்சிவெயிலுக்கு எழுந்து வந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இலை வாங்கிய கரடி கம்பளியப்பனின் எண் அது. பிறகு நூற்றொன்று, நூற்றிரண்டு, நூற்று மூன்று. நூற்று ஒன்பது முடிந்ததும் பதினொன்று, அதன் பின்னாலேயே நூற்றுப் பத்து. அன்றைய நூறு பேர் நூற்று எண்பத்தொன்பதோடு முடிந்தார்கள். இரண்டாம் எண் காட்டெருமை மண்ணைக் கொம்பால் கிளறிக்கொண்டு நின்றது.

மரகதம் நரியிடம் போய்க் கேட்டது. நரி மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னது. ஆப் தப்பு செய்யாது, ஆப்பை உபயோகிக்கிறவர்கள்தான் தப்பு செய்வார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்களாம். சந்தேகம் இருந்தால் 'தேடு' பொத்தானை அமுக்கித் தன் எண்ணைத் தேடிப் பார்க்கலாமாம். மறுநாள் காலை, மூன்று விரல் தண்ணீர் மிச்சம் இருக்கும்போது, மரகதம் தேடும் பெட்டியில் 9 என்று எழுதியது. திரை பதில் சொன்னது: 'அப்படி ஒருவர் இல்லை.'

மரகதம் தன் இலையைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது. இருக்கிறோம்தான். மறுபடி தேடியது. இல்லை என்றது. அப்போதுதான் அது அழத் தொடங்கியது. பக்கத்து மரத்தில் கொத்திக்கொண்டிருந்த பொன்முதுகன் கொத்துவதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தது.

பொன்முதுகன் திரையைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, அலகால் இரண்டு தட்டுத் தட்டியது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது.

"மரகதம், உன் ஒன்பதை இது எண்ணாவே வச்சிக்கல. எழுத்தா வச்சிருக்கு. அகராதியில சொல்லு அடுக்குற மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குது. நூறுக்கு முதல் எழுத்து ஒண்ணு, உனக்கு ஒன்பது. அதனால நூறு முன்னால, நீ பின்னால."

"தேடினா ஆளே இல்லைங்குதே அண்ணே."

"தேடுற பெட்டி பழைய மாதிரியே எண்ணுதான் கேக்குது. புலியார் தேட மாட்டாரில்ல, அதனால அதை மட்டும் மாத்தாம விட்டுட்டான். அது ஒன்பதுங்கிற எண்ணைத் தேடுது, உள்ள இருக்கிறது ஒன்பதுங்கிற எழுத்து. அதுக்கு ரெண்டும் வேற வேற ஆளு."

தன் முறை எப்போது வரும் என்று மரகதம் கேட்டது. பொன்முதுகன் கிளையில் கோடு கிழித்து எண்ணிப் பார்த்தது. ஒன்றில் தொடங்குகிறவர்கள் எல்லோரும் போய், இரண்டில் தொடங்குகிறவர்கள் போய், இப்படியே எட்டு வரைக்கும் போன பிறகு, எண்ணூற்று முப்பத்தாறாவது ஆளாக ஒன்பதாம் நாள் மரகதம் கூப்பிடப்படும். சரிசெய்ய என்ன ஆகும் என்று கேட்டதற்கு, வரிசை அடுக்குகிற இடத்தில் 'எண்ணாக மாற்று' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், ஒரு நிமிஷ வேலை என்றது. ஒரு நிமிஷ வேலைகளுக்குத்தான் அரசாங்கத்தில் அதிக நாள் ஆகும் என்பது மரங்கொத்திக்குத் தெரியாது. அது கோடு மட்டும்தான் படித்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் இரண்டும் தர்பாருக்குப் போயின. குழியில் இரண்டு விரல் தண்ணீர். தர்பாரில் ஏற்கெனவே கூட்டம். கரடி கம்பளியப்பன் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. 'ஒன்றில் தொடங்குவோர் நலச் சங்கம், தலைவர்' என்று அட்டையில் இருந்தது. இரண்டே நாளில் சங்கத்துக்கு நூற்றுப் பதினோரு உறுப்பினர்கள். ஆரம்பத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு குடித்த முயல்தான் இப்போது செயலாளர்.

பொன்முதுகன் விஷயத்தை விளக்கியது. மகாராஜா தலையாட்டிக் கேட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, தலையாட்டுவதில் குறை வைக்கவில்லை. திருத்தலாமா என்று நரியைக் கேட்டார்.

"தாராளமா திருத்தலாம் மகாராஜா," என்றது நரி. "எல்லாத்தையும் எண்ணா மாத்திரலாம். ஆனா புலியார் 'மேலிடம்'னு எழுதியிருக்காரே, அதை எந்த எண்ணா மாத்துறது? அங்க வந்ததும் மொத்த வரிசையும் சிவப்பாகி நின்னுரும்."

எண்ணாக மாறாததை வெற்றிடமாக வைத்துவிட்டு மற்றதை அடுக்கலாம், அதற்கும் ஒரு சொல் இருக்கிறது என்றது பொன்முதுகன். அப்படியானால் புலியாரை வெற்றிடம் என்கிறாயா என்று நரி மெதுவாகக் கேட்டது. தர்பாரில் எல்லோரும் தரையில் எதையோ தேடத் தொடங்கினார்கள். பொன்முதுகனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுத்து வரிசையில் எண்களெல்லாம் முடிந்த பிறகுதான் சொற்கள் வரும், ஆகையால் புலியார் இப்போதே எல்லோருக்கும் கடைசியில், எண்ணூற்று நாற்பத்தேழாவதாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டது. மகாராஜா பதறிப்போய் இது இந்தச் சபையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டார். புலியாரோ தினமும் மத்தியானம் வந்து கொக்கை நகரச் சொல்லிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

அப்போது கரடியார் எழுந்தார். நேற்றுவரை கரடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது தலைவர் ஆகிவிட்டாரே.

"நாங்க யாரும் கேட்டு வாங்கல. எங்க இலையிலேயே ஒண்ணு இருந்துச்சு. ஒண்ணு முன்னால நிக்கிறது இந்தக் காட்டோட மரபு. இன்னைக்கு ஒரு குருவி வந்து மாத்துங்கும், நாளைக்கு இன்னொண்ணு வந்து மாத்துங்கும். அப்புறம் மரபுன்னு எதுதான் மிஞ்சும்?"

மரபுக்கு வயது அப்போது இரண்டு நாள். நூற்றுப் பதினோரு பேரும் கைதட்டினார்கள். மகாராஜா யோசித்தார். ஒரு பக்கம் ஒரு தவளையும் ஒரு மரங்கொத்தியும். மறுபக்கம் சங்கமும் புலியாரும். விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். குழுவின் தலைவராகக் கரடியாரையே போட்டார், அவருக்குத்தான் விஷயம் தெரியும் என்பதால்.

மரகதம் துணிந்து வாய் திறந்தது. "மகாராஜா, எங்கிட்ட ரெண்டு விரல் தண்ணிதான் இருக்கு."

மகாராஜாவுக்கு உண்மையிலேயே மனம் இளகியது. "கவலைப்படாதம்மா," என்றார். "பதினஞ்சே நாள்ல அறிக்கை வந்துரும்."

நான்காம் நாள் விடிந்தபோது ஒரு விரல் தண்ணீர். தலைப்பிரட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்தன. மரகதம் குழி ஓரத்தில் உட்கார்ந்து தன் முதுகு நிழலால் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மூடிக்கொண்டிருந்தது. ஒரு தவளையின் முதுகு எவ்வளவு பெரியது? பொன்முதுகன் வந்து பார்த்தது. சரியான வழியில் போய் ஆகவில்லை என்றால் சரியில்லாத வழிதான் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குத் தோன்றியது.

"வரிசையைத் திருத்த விடமாட்டேங்கிறாங்க. நம்ம எண்ணைத் திருத்தலாம். 'திருத்து' பொத்தானை அந்த நரி எல்லாருக்கும் திறந்தே வச்சிருக்கு. போய் உன் ஒன்பதுக்கு முன்னால ஒரு பூஜ்ஜியம் போடு."

"முன்னால போட்ட பூஜ்ஜியத்துக்கு மதிப்பே கிடையாதே அண்ணே."

"எண்ணா இருந்தாத்தான் மதிப்பு பார்க்கணும். இது எழுத்து. ஒண்ணுக்கு முன்னால யாருன்னா பூஜ்ஜியம். அது மட்டும்தான் அந்தப் பெட்டிக்குத் தெரியும்."

மரகதம் தாவிப் போய் 09 என்று திருத்தியது. அன்றைக்கு முதல் ஆளாக முப்பத்தேழாம் எண் சிங்கவால் குரங்கு குழாயில் வாயை வைக்கப் போன நேரம். திரை ஒரு முறை சிமிட்டியது, வரிசை மாறியது, எல்லோருக்கும் மேலே 09 வந்து நின்றது.

இப்போது கொக்கு இருக்கிறதே. அது திரையைப் பார்த்தது. 09. மரகதத்தின் இலையைப் பார்த்தது. 9. காலை மாற்றி நின்றது. பெட்டி மாதிரியே கொக்கும் இரண்டும் வேறு என்று சொன்னால் எல்லாம் முடிந்தது.

"முன்னால இருக்கிற பூஜ்ஜியத்துக்கு என்ன மதிப்பு? ரெண்டும் ஒன்பதுதான்," என்றது கொக்கு. "போ, போ. வெயில் ஏறுது."

அந்த மொத்தக் காட்டில் எழுத்தை எண்ணாக மாற்றத் தெரிந்தது கொக்கு ஒன்றுதான், அதுவும் மண்டைக்குள்ளேயே, ஒரு நொடியில். அதற்குச் சான்றிதழும் இல்லை, துணிப்பையும் இல்லை. குழாய் திறந்தது. ஐம்பது எண்ணி முடிப்பதற்குள் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் குழிக்குள் இறங்கியது. தலைப்பிரட்டைகள் பிரிந்து ஓடின. மரகதம் எண்ணிப் பார்த்தது, நாற்பத்திரண்டும் இருந்தன. மகிழ்ச்சியில் என்ன செய்வது என்று தெரியாமல் பொன்முதுகனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. கதையை இங்கேயே முடித்துவிட்டால் நல்லவர்களுக்கு நல்லது நடக்கும் என்று ஒரு நீதி எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கரடியார் அங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏற்கெனவே குடித்து முடித்தவர். இருந்தாலும் பெட்டியருகே போய், பழைய 100 இருக்கும்போதே புதிதாக 0100 என்று எழுதிச் சேமித்தார். பெட்டி அதை வேறு ஆள் என்று நினைத்து ஏற்றுக்கொண்டது. கொக்கு அதே நூறுதான் என்று நினைத்துத் திறந்துவிட்டது. கரடியார் இரண்டாம் தடவை குடித்தார். மறுநாள் 00100 என்று எழுதி மூன்றாம் தடவை குடித்தார். சங்கத்தின் பெயர்ப்பலகையில் 'ஒன்றில்' என்பதை அழித்துவிட்டுப் 'பூஜ்ஜியத்தில்' என்று எழுதினார்கள், தலைவர் அவரேதான். ஆறாம் நாள் ஒரு எலி பதினான்கு பூஜ்ஜியம் போட்டது. அதன் எண் பாறையின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம்வரை போனது. பூஜ்ஜியங்கள் எல்லாம் குடித்து முடிப்பதற்குள் அன்றன்றைய நூறு முடிந்துவிடும்.

மரகதம் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஏழாம் நாள் பிள்ளைகளுக்குப் பின்னங்கால் முளைத்து, குழியில் மறுபடி ஒரு விரல் தண்ணீருக்கு வந்தபோது, அதுவும் போய் மூன்று பூஜ்ஜியம் போட்டு 0009 என்று புதிதாக ஒன்று எழுதியது. இந்த ஒரு தடவைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அப்போது அதற்கு வெட்கமாக இருந்தது. ஒன்பதாம் நாள் எட்டுப் பூஜ்ஜியம் போட்டபோது அவ்வளவு வெட்கம் இல்லை.

இதற்கிடையில் ஆமை மேகலை காத்திருந்தது. எட்டாம் எண், எட்டாம் நாள் வரும் என்று பொன்முதுகன் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்ததால் அது எட்டாம் நாள் குழாயடிக்கு வந்து உட்கார்ந்தது. கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாளும் கூப்பிடவில்லை. அதன் கண்கள் உள்ளே போய்விட்டன, நாக்கு காய்ந்த இலை போல இருந்தது. முன்னால் பூஜ்ஜியம் போட்டாயா என்று போகிற வருகிறவர்கள் கேட்டார்கள். என் எண் எட்டு, எட்டை எட்டு என்றுதானே எழுத வேண்டும் என்று மேகலை திரும்பக் கேட்டது. சிரித்துக்கொண்டே போனார்கள்.

பத்தாம் நாள் மகாராஜாவே பொன்முதுகனைக் கூப்பிட்டனுப்பினார். தமக்குத் தெரியாமல் காட்டில் இத்தனை பூஜ்ஜியங்கள் சேர்ந்துவிட்டது அவருக்குப் பயமாக இருந்தது. புலியாரின் பெயரைத் தனியாக ஒரு கட்டத்தில் தங்க எழுத்தில் வைத்துவிடலாம், மற்றதை எண்ணாக மாற்று என்றார். பொன்முதுகனின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மாற்றினால் 09, 0009 எல்லாம் ஒரே ஒன்பதாகிவிடும். வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஆளுக்கு ஒரு முறை. அன்றைக்கே எட்டாவதாக மேகலை குடிக்கும். கைதூக்கிச் சம்மதம் சொல்லிவிடுங்கள் என்று மகாராஜா சபையைக் கேட்டார்.

மேகலை காலைத் தூக்கியது. காட்டெருமை தூக்கியது. இன்னும் ஏழெட்டுப் பேர். சபை முழுக்க மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொன்முதுகன் அவர்கள் எவரையும் பார்க்கவில்லை. மரகதத்தைத்தான் பார்த்தது. மரகதத்தின் கை மடியிலேயே இருந்தது.

"என்ன மரகதம்?"

"திருத்தினா நான் எத்தனாவது அண்ணே?"

"ஒன்பதாவது. உன் நியாயமான இடம்."

"இப்ப நான் முதல்ல நிக்கிறேன்," என்றது மரகதம். அதன் குரல் கீழே போய்விட்டது. "எனக்குத் தப்புன்னு தெரியுது. பிள்ளைங்களுக்கு இப்பத்தான் கால் வருது அண்ணே. ஒரு தடவை குடிச்சா அதுங்களுக்குக் காணாது."

பொன்முதுகன் தன் மரத்துக்குப் பறந்து போனது. பெரும்பான்மை விருப்பப்படி ஆப் அப்படியே தொடரும் என்று மகாராஜா அறிவித்தார். மக்கள் இவ்வளவு ஆர்வமாக உபயோகிக்கிற ஆப் வேறெங்கும் இல்லை என்று நரிக்கு இன்னொரு சான்றிதழும் இன்னொரு துணிப்பையும் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது மரகதம் மேகலையிடம் வந்தது. அதனால் மேகலையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஓட்டைப் பார்த்தே பேசியது. "அக்கா, உங்க எட்டுக்கு முன்னால பத்துப் பூஜ்ஜியம் போட்டுருங்க. இப்பவே போய்ப் போடுங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

மேகலைக்கு வேறு வழி தெரியவில்லை. சரி என்று பெட்டியை நோக்கி நடந்தது. நடுவில் எங்கும் நிற்காமல், தன்னால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத்தான் நடந்தது. அது போய்ச் சேர்ந்து பத்தாவது பூஜ்ஜியத்தைப் போட்டபோது, காட்டில் ஆளுக்குப் பதினைந்து பூஜ்ஜியம் ஆகியிருந்தது.

நீதி: பிழையைத் திருத்தப் போகிறவர் முதல் நாளே போய்விட வேண்டும். மூன்றாம் நாள் போனால் அதற்கு ஒரு சங்கம் இருக்கும். பத்தாம் நாள் போனால், அதனால் பிள்ளை பிழைத்த தாய் இருப்பாள்.